உங்கள் கட்டுரையை நீக்கச் சொன்னது யார்? பொய் முறைப்பாட்டின் தடத்தைப் பொதுத் தகவல்களால் தேடுவது

வெள்ளவத்தையில் ஓர் அறையிலிருந்து இரண்டு மூன்று பேர் நடத்தும் சிறிய தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கனடாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பலரிடம் பணம் வாங்கிய ஒரு முகவர் நிலையத்தைப் பற்றி 2022 இறுதியில் ஒரு கட்டுரை போடுகிறார்கள். பணம் கொடுத்தவர்கள் பேசியிருக்கிறார்கள், பற்றுச்சீட்டுகளின் படங்களும் இருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து அந்த நிலையத்தின் பெயரைக் கூகுளில் தேடினால் கட்டுரை வருவதில்லை. தளத்தில் அது அப்படியே இருக்கிறது, தேடலில் மட்டும் காணவில்லை. யாரோ ஒருவர், "இது 2019இல் என் வலைப்பூவில் நான் எழுதியது, இவர்கள் திருடிப் போட்டிருக்கிறார்கள்" என்று கூகுளுக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறார். கூகுளும் இணைப்பை எடுத்துவிட்டது.

இந்த முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்று தேட, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம். யாருடைய கணக்குக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவுகளே பெரும்பாலும் போதும். அவை எங்கே இருக்கின்றன, அவற்றை வைத்து எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். அறிவித்தல் ஒன்று வந்த உடனேயே, "அமெரிக்கச் சட்டம், நமக்கேன் வம்பு" என்று உண்மையான கட்டுரையைத் தாங்களே அழித்துவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பொய் ஏன் இவ்வளவு இலகுவாகப் பலிக்கிறது

கூகுள், மெட்டா, நாம் தளத்தை வைத்திருக்கும் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் எல்லாம் அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே 1998இல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் கொப்பிரைட் சட்டத்தை டிஎம்சிஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் 512ஆம் பிரிவின்படி, முறையான முறைப்பாடு கிடைத்ததும் நிறுவனம் தாமதிக்காமல் அந்தப் பொருளை நீக்கினால், பயனாளர் செய்த பதிப்புரிமை மீறலுக்காக நிறுவனம் நட்டஈடு கட்டத் தேவையில்லை. எனவே சந்தேகம் வந்தாலும் முதலில் நீக்கிவிடுவதே நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. நாளாந்தம் வந்து குவியும் முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக விசாரிப்பதும் நடக்கிற காரியமில்லை.

முறைப்பாட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. எது மூலப் படைப்பு, எது களவாடப்பட்ட பிரதி, முறைப்பாட்டாளரின் தொடர்பு விபரம், கையொப்பம் ஆகியவை வேண்டும். தான் உரிமையாளர் அல்லது அவர் சார்பில் செயற்பட அதிகாரம் பெற்றவர் என்பதை, பொய்ச் சத்தியத்துக்குரிய தண்டனையை ஏற்றுக்கொண்டு உறுதிப்படுத்தவும் வேண்டும். நமது ஊர்ச் சத்தியக்கடதாசி போல ஒரு சமாதான நீதவான் முன்னால் போய் நிற்கத் தேவையில்லை. படிவத்தில் ஒரு பெட்டியைத் தட்டினால் முடிந்தது. எழுதியவர் யாரென்று அந்த இடத்தில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் தந்திரங்களில் மிகவும் பரவியது பின்திகதியிடல். உங்கள் கட்டுரையை அப்படியே கொப்பி பண்ணி ஒரு போலி வலைப்பூவில் ஒட்டி, உங்களுக்கு முந்திய ஒரு திகதியைப் போட்டுவிடுகிறார்கள். வலைப்பூ மென்பொருள்கள் பலவற்றில் வெளியீட்டுத் திகதியை நாமே மாற்றலாம் என்பதால் இது ஒரு நிமிட வேலை. பிறகு அதையே மூலம் என்று காட்டி முறைப்பாடு போகிறது.

யாரோ ஒருவர் எங்கோ ஒரு தடவை செய்கிற வேலையும் இல்லை இது. ஒரே பாணியில் அனுப்பப்பட்ட 30,000க்கும் அதிகமான முறைப்பாடுகளை, இத்தகைய முறைப்பாடுகளைத் திரட்டும் லூமென் என்ற ஆய்வுத் திட்டம் 2022இல் வெளிப்படுத்தியது. 2023 நவம்பரில் கூகுளே கலிஃபோர்னியாவில் ஒரு வழக்குப் போட்டது. வியட்நாமில் இருக்கும் இருவர் குறைந்தது 65 கணக்குகளைத் திறந்து, 117,000க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளுக்கு எதிராகப் பொய் முறைப்பாடுகளை அனுப்பினார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு.

முதலில் முறைப்பாட்டையே வாசியுங்கள்

லூமென் என்பது அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள பேர்க்மன் கிளைன் நிலையம் நடத்தும் ஒரு பொதுத் தரவுத்தளம். 2002இல் வேறு பெயரில் தொடங்கி 2015இல் இந்தப் பெயருக்கு மாறியது. தமக்கு வரும் நீக்கல் முறைப்பாடுகளின் பிரதிகளைக் கூகுள் போன்ற நிறுவனங்கள் இதற்குத் தாமாகவே அனுப்புகின்றன. எல்லா நிறுவனங்களும் அனுப்புவதில்லை. ஆனால் தேடல் முடிவுகள் விடயத்தில் கூகுளின் பங்களிப்பு மிகப் பெரியது. ஏதாவது நீக்கப்பட்டிருந்தால் தேடல் பக்கத்தின் அடியில் அதைச் சொல்லும் ஒரு குறிப்பும் லூமெனுக்கான இணைப்பும் வரும். நம்மில் பலர் அவ்வளவு கீழே போய்ப் பார்ப்பதேயில்லை.

லூமெனின் தேடல் பெட்டியில் உங்கள் தளத்தின் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயரை, போட்டுப் பாருங்கள். உங்களுக்கு எதிராக வந்த முறைப்பாடு அங்கே இருந்தால், அனுப்பியவர் என்று சொல்லிக்கொள்பவரின் பெயர், யார் சார்பில் அனுப்பினார், திகதி, நாடு, மூலப் படைப்பைப் பற்றிய விவரிப்பு ஆகியவை தெரியும். தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவை மறைக்கப்பட்டிருக்கும். இணைய முகவரிகளையும் முழுதாகக் காட்டமாட்டார்கள். அந்தப் பக்கத்திலேயே மின்னஞ்சலைக் கொடுத்துக் கேட்டால், சிறிது நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும் ஓர் இணைப்பு வரும். அதைத் திறந்து முழுப் பட்டியலையும் உடனே சேமித்துக்கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டிய முதல் விடயம், மூலம் என்று அவர்கள் காட்டும் முகவரி. அந்தப் போலிப் பக்கம்தான் முழுத் தேடலுக்கும் வாசல். அதைத் திறந்து பார்ப்பதற்கும் முன்னால், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்து இன்றைய நிலையைச் சேமித்துவிடுங்கள். நீங்கள் மறுப்பு அனுப்பியதும் அந்தப் பக்கம் மாயமாகிவிடலாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும் நல்லதுதான், ஆனால் அதை நீங்களே தயாரித்ததாக யாரும் சொல்லலாம். மூன்றாம் தரப்பு ஒன்றின் காப்பகத்தில் இருக்கும் பிரதியைப் பற்றி அப்படிச் சொல்வது கடினம்.

திகதிகளைப் பொய்யாக்குவது கடினம்

பழைய திகதியில் எழுதிய கள்ளக் காணி உறுதியை எப்படிப் பிடிப்பார்கள்? உறுதியில் எழுதியிருக்கும் திகதியை விட்டுவிட்டு, நொத்தாரிசின் பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, காணிப் பதிவகத்தில் எப்போது பதிந்தார்கள் என்று பார்ப்பார்கள். இங்கேயும் அதே வழிதான். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் திகதி எழுதியவரின் கையில் இருக்கிறது. அவர் கையில் இல்லாத திகதிகளைத் தேட வேண்டும்.

டொமைன் பதிவு அதில் முதலாவது. ஹூஇஸ் என்ற பொதுத் தேடலில் ஒரு டொமைனைப் போட்டால் அது எந்த நாளில் பதிவானது என்று சொல்லும். 2018இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்த பிறகு உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பதிவான திகதி மட்டும் வழமையாகத் தெரியும். நமது கற்பனைக் கதையில், 2019இல் கட்டுரை எழுதியதாகச் சொல்லும் தளத்தின் டொமைன் 2024இல்தான் பதிவாகியிருந்தால் அதன் பொருளை விளக்கத் தேவையில்லை. ஆனால் கவனம்: காலாவதியான பழைய டொமைனை யாரோ வாங்கியிருந்தால் பதிவுத் திகதி பழையதாகவே காட்டலாம். அப்போது வேபேக் மெஷினில் அந்த டொமைனின் முன்னைய முகங்களைப் பாருங்கள். 2019இல் அங்கே ஒரு பூக்கடை இருந்ததா, செய்தித்தளம் இருந்ததா என்று தெரியவரலாம்.

இரண்டாவது, பாதுகாப்புச் சான்றிதழ்களின் பொதுப் பேரேடு. உலாவியில் பூட்டுக் குறி வருவதற்கு ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழ் பெறுகிறது. அந்தச் சான்றிதழ்களைப் பகிரங்கப் பேரேடுகளில் எழுத வேண்டும் என்று குரோம் உலாவி 2018இலிருந்து கேட்கிறது. ஒரு டொமைனுக்கு முதல் சான்றிதழ் எப்போது வழங்கப்பட்டது என்று யாரும் தேடிப் பார்க்கலாம். தள உரிமையாளர் நினைத்தாலும் அதில் திகதியை மாற்ற முடியாது.

போலிப் பக்கம் பிளாகர் போன்ற இலவசச் சேவையில் இருந்தால் ஹூஇஸ் உதவாது, அந்த டொமைன் கூகுளுடையது. அங்கே வேறு தடயம் இருக்கிறது. ஒவ்வொரு பிளாகர் தளத்துக்கும் ஒரு செய்தியோடை (பதிவுகளை மென்பொருள்கள் வாசிக்கக்கூடிய பட்டியலாகத் தரும் ஃபீட்) உண்டு. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் வெளியிட்ட திகதி, கடைசியாகத் திருத்திய திகதி என்று இரண்டு இருக்கும். முதலாவதை எழுதியவர் விருப்பப்படி மாற்றலாம். இரண்டாவதை மென்பொருளே எழுதுகிறது. 2017, 2018, 2019 என்று பரவலாகத் திகதியிட்ட இருபது பதிவுகளும் ஒரே நாளில் திருத்தப்பட்டதாக ஓடை சொன்னால், அந்த நாளில் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். அந்த வலைப்பூவின் சுயவிபரப் பக்கம் திறந்திருந்தால், கணக்கு எப்போதிலிருந்து பிளாகரில் இருக்கிறது என்பதையும் அது காட்டும்.

வேர்ட்பிரஸ் தளமானால் இன்னும் சுவாரசியம். அதில் ஒவ்வொரு பதிவுக்கும், ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இலக்கம் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். திகதியை மாற்றினாலும் இலக்கம் மாறாது. பக்கத்தின் மூலநிரலை (உலாவியில் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரல் வரிகளை) திறந்து ஷோர்ட்லிங்க் என்ற சொல்லைத் தேடினால் பல தளங்களில் அந்த இலக்கம் கிடைக்கும். 2019 எனத் திகதியிட்ட பதிவின் இலக்கம் 940, அதே தளத்தில் 2023 எனத் திகதியிட்டதன் இலக்கம் 310 என்றால், 2019இன் பதிவு பின்னால் வந்தது என்று நியாயமாகச் சந்தேகிக்கலாம். ஒரு தளத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது இலக்கங்கள் குழம்புவதும் உண்டு. ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

இயந்திரம் தரும் இந்தத் தடயங்களைவிட, எழுத்துக்குள் இருக்கும் தடயங்களை எனக்கு அதிகம் பிடிக்கும். தமிழ் தெரிந்தவருக்குத்தான் அவை கண்ணில் படும். 2019 மே எனத் திகதியிட்ட கட்டுரைக்குள், முகவர் நிலையத்துக்குப் போன பெண் "எரிபொருள் கியூஆர் அட்டை கிடைக்காமல் ஓட்டோவுக்கு இரட்டிப்புக் காசு கொடுத்தேன்" என்று சொன்னால்? தேசிய எரிபொருள் அனுமதி அட்டை 2022 ஜூலையில்தான் நமக்கு வந்தது. டொலர் 360 ரூபாய் என்று ஒரு வரி இருந்தாலும் அதே கதைதான், 2019இல் அது இருநூறைக்கூட எட்டவில்லை. கொப்பி பண்ணுகிறவர் பெரும்பாலும் உள்ளடக்கத்தை வாசிப்பதில்லை, தமிழே தெரியாதவராகவும் இருக்கலாம்.

அதேபோல எழுத்துப் பிழைகள். நம்மவர் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டி, பிறகு யூனிகோடுக்கு மாற்றுகிறார்கள். அந்த மாற்றத்தில் கொம்புகள் இடம் மாறும், சில எழுத்துகள் பிரிந்து நிற்கும். உங்கள் கட்டுரையில் மூன்றாம் பந்தியில் விழுந்த அதே பிழை, அதே இடத்தில் போலிப் பக்கத்திலும் இருந்தால், இரண்டு பிரதிகளுக்கும் தொடர்பு உண்டு என்பது உறுதி. உங்கள் பழைய வரைவுகளிலும் அந்தப் பிழை இருந்தால், எது எதிலிருந்து வந்தது என்பதும் தெளிவு. படங்களையும் பாருங்கள். சில வேளை போலிப் பக்கத்தில் தெரியும் படம் உங்கள் தளத்திலிருந்தே நேராக வந்துகொண்டிருக்கும். படத்தின் முகவரியைத் திறந்தால் உங்கள் டொமைன் பெயர் வரும்.

இவற்றுக்கு எதிரே வைக்க உங்கள் பக்கத்துத் திகதியும் வேண்டும். வேபேக் மெஷினில் உங்கள் கட்டுரையின் பழைய பிரதி இருந்தால் அதுவே சிறந்த சாட்சி. வெளியிட்ட நாளிலேயே பேஸ்புக்கிலோ எக்ஸிலோ பகிர்ந்திருந்தால் அதுவும் உதவும். ஒரு முக்கிய விடயம்: காப்பகத்தில் ஒரு பக்கம் இருப்பது அன்று அது இருந்ததற்குச் சான்று. இல்லாதது எதற்கும் சான்றல்ல. சிறிய தமிழ்த் தளங்களுக்கு வேபேக் அடிக்கடி வருவதில்லை. ஆகவே இனி முக்கியமான கட்டுரை ஒன்றைப் போட்ட கையோடு அதை நீங்களே அங்கே சேமித்துவிடுங்கள்.

யார் என்ற கேள்வி

இவ்வளவும் செய்தால் முறைப்பாடு பொய் என்று காட்டலாம். அனுப்பியவர் யார் என்பது வேறு கேள்வி. அதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள்.

லூமெனுக்குத் திரும்பிப் போய், முறைப்பாட்டில் இருக்கும் பெயரைத் தேடுங்கள். அதே பெயரில் வேறு முறைப்பாடுகள் இருக்கின்றனவா? விவரிப்பில் உள்ள ஒரு நீளமான வாக்கியத்தையும் தேடிப் பாருங்கள். வேறு வேறு பெயர்களில், வேறு வேறு நாடுகளிலிருந்து அனுப்பியதாகச் சொல்லும் முறைப்பாடுகளில் அதே வாக்கியம் எழுத்துப் பிசகாமல் இருந்தால், ஒரே கை அல்லது ஒரே கூட்டம் என்று எண்ண இடமுண்டு. அவர்கள் நீக்கச் சொன்ன பக்கங்களை ஒரு பட்டியலாக எழுதுங்கள். மலேசியாவில் ஒரு செய்தி, லண்டனில் ஒரு கருத்துக்களம், கொழும்பில் உங்கள் கட்டுரை, மூன்றிலும் ஒரே முகவர் நிலையத்தின் பெயர் வருகிறதா? அப்படியானால் நீக்கத்தால் பயனடைபவர் யார் என்று தெரிகிறது.

போலித் தளங்களுக்கிடையே உள்ள உறவையும் பார்க்கலாம். வருகையாளர்களை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸ், விளம்பரம் காட்டும் அட்சென்ஸ் போன்ற சேவைகளைப் பயன்படுத்தும் தளத்தின் மூலநிரலில் ஒரு கணக்கு எண் இருக்கும். இரண்டு தளங்களில் ஒரே எண் என்றால் இரண்டையும் ஒரே ஆள் நிர்வகித்திருக்க வாய்ப்பு அதிகம். முறைப்பாடு மின்னஞ்சலாக உங்களுக்கே வந்திருந்தால், ஜிமெயிலில் மூலச் செய்தியைக் காட்டும் தெரிவை அழுத்தி, அனுப்பிய டொமைன் உண்மையில் எது என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தின் சட்டப் பிரிவு என்று கையொப்பமிட்டு, சாதாரண இலவச மின்னஞ்சலில் இருந்து வருவது தெரிந்த பாணி. பங்கி என்ற விளையாட்டு நிறுவனத்தின் பெயரில் 2022இல் யூடியூப் காணொளிகளுக்கு எதிராகப் பொய் முறைப்பாடுகள் வந்தபோது, அனுப்பியவர் பயன்படுத்தியது அந்த நிறுவனத்தின் முகவர்களுடையதைப் போலத் தோற்றம் கொடுத்த ஜிமெயில் முகவரிகளையே. அவரை நீதிமன்றம் வரை கொண்டுபோனது பங்கிதான்.

சரி, இவ்வளவையும் வைத்து "இன்னார்தான் செய்தார்" என்று எழுதலாமா? கூடாது என்பது என் உறுதியான கருத்து. முறைப்பாட்டில் உள்ள பெயர் ஒரு கற்பனைப் பெயராக இருக்கலாம், இதில் எந்தத் தொடர்பும் இல்லாத உண்மையான ஓர் ஆளின் பெயரைத் திருடியதாகவும் இருக்கலாம். எங்கோ ஓர் ஊரில் தன் பாட்டில் இருக்கும் பத்திரிகையாளர் ஒருவரை நீங்கள் பேஸ்புக்கில் கள்ளன் என்று எழுதிவிட்டால் அந்தத் தீங்கை யார் சரிசெய்வது? நாடு என்ற இடத்தில் இருப்பதும் அனுப்பியவரே தெரிவுசெய்தது. பயனடைபவர் முகவர் நிலையம் என்றாலும், அவர் இணையத்தில் தன்னைப் பற்றிய கெட்ட செய்திகளை மறைத்துத் தரும் ஒரு நற்பெயர் மேலாண்மை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்திருக்கலாம், அவர்கள் என்ன வழியில் செய்தார்கள் என்பது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அவரை மாட்டிவைக்க விரும்பும் போட்டியாளர் செய்ததாகவும் இருக்கலாம். எந்த இணைய இணைப்பிலிருந்து அனுப்பினார் என்பதைக் காட்டும் ஐபி முகவரியும் கணக்கு விபரங்களும் கூகுள் போன்ற நிறுவனத்திடம் இருக்கின்றன. அவற்றை வெளியே எடுக்க நீதிமன்றம் வேண்டும்.

எழுதுவதானால் இப்படி எழுதலாம்: "இந்தத் திகதியில், இந்தப் பெயரில் ஒரு முறைப்பாடு வந்தது, மூலம் என்று காட்டிய தளம் இந்த நாளில்தான் பதிவானது, அதே வாசகத்துடன் வந்த வேறு முறைப்பாடுகளும் இதே நிலையம் பற்றிய பக்கங்களையே குறிவைத்தன." இதில் ஒவ்வொரு வரியையும் வாசகரே சரிபார்க்கலாம்.

பதிப்புரிமை முறைப்பாட்டுக்குப் பதிலாக நீதிமன்றக் கட்டளை என்று ஒரு தாள் வந்தால், அதையும் சரிபாருங்கள். அமெரிக்காவில் நீலக்கல் விற்கும் வணிகர் ஒருவர் நீதிபதியின் கையொப்பத்தைப் போலியாகச் செய்து கூகுளுக்குக் கட்டளைகள் அனுப்பி, 2018இல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அங்கே கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகளை இலக்கம் கொண்டு இணையத்தில் தேடலாம். இங்கே புதுக்கடை நீதிமன்றத்தின் பெயரில் வந்தால், ஒரு சட்டத்தரணி மூலம் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைச் சரிபார்ப்பதே நேர்வழி.

மறுப்பு அனுப்பும்போது

டிஎம்சிஏயின் அதே பிரிவு உங்களுக்கும் ஓர் உரிமை தருகிறது. எதிர் அறிவித்தல் அனுப்பினால், முறைப்பாட்டாளர் வழக்குத் தொடராத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் நீக்கியதை மீளப் போட வேண்டும் என்கிறது அது. தெரிந்தே பொய் முறைப்பாடு செய்தவரிடம் நட்டஈடு கேட்கவும் வழி வைத்திருக்கிறது. கொழும்பிலிருந்து அதற்காக அமெரிக்க நீதிமன்றம் ஏறுவது நம்மில் எத்தனை பேருக்கு இயலும் என்பது வேறு. மறுப்பில் கோபத்தைக் கொட்ட வேண்டாம். டொமைன் பதிவான திகதி, உங்கள் கட்டுரையின் காப்பகப் பிரதி, 2019 கட்டுரைக்குள் வந்த எரிபொருள் அட்டை என்று மூன்று இணைப்புகள், மூன்று வரிகள் போதும். யார் செய்தார் என்ற ஊகம் அதில் தேவையே இல்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள். எதிர் அறிவித்தலில் உங்கள் உண்மையான பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்க வேண்டும், அமெரிக்க நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை ஏற்கிறேன் என்றும் எழுத வேண்டும். அந்த அறிவித்தல் முறைப்பாட்டாளரிடம் போய்ச் சேரும். 2019இல் யூடியூப் தொடர்ந்த ஒரு வழக்கில், ஒருவர் பொய் முறைப்பாடு செய்து, எதிர் அறிவித்தலில் வந்த வீட்டு முகவரியை வைத்துத் தொந்தரவு கொடுத்தார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. மோசடிக்காரர் பற்றி எழுதும் தளம் நடத்துகிறவர் என்றால், வீட்டு முகவரிக்குப் பதிலாக ஒரு சட்டத்தரணியின் அலுவலகம் வழியாக அனுப்ப முடியுமா என்று முதலில் பேசிப்பாருங்கள். மிரட்டல் வந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். நீங்கள் சேர்த்த காப்பகப் பிரதிகளும், லூமென் பட்டியலும், ஒவ்வொன்றையும் எந்த நாளில் எங்கே பார்த்தீர்கள் என்ற குறிப்பும் அப்போது அப்படியே கையளிக்கக்கூடிய கோவையாக இருக்கும்.